பிடிக்கும் பனி

உப்புத் தேநீர் ஆறினால் வாயில் வைக்க முடியாது, ஜனாப். முதலில் குடியுங்கள். காங்கிரிச் சட்டியை மடிக்குள் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள், கரி இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும். கணவாய் அடைபட்டுவிட்டது, நீங்கள் எழுதும் போலீஸ் காகிதம் இனி ஏப்ரலுக்கு முன் அதைத் தாண்டப்போவதில்லை. நீங்களும் தாண்டப்போவதில்லை. அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

சரிவைக் குறுக்கே கடக்கும் முன் எங்கள் ஊரில் ஒருவர் குழி தோண்டி, அடிப்பனியை ஒரு கை அள்ளி அழுத்திப் பார்ப்பார். உருண்டையாக நின்றால் "பிடிக்குது" என்பார். சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் கொட்டினால் "உதிருது" என்பார். அப்படியானால் மேலே கிடப்பது எந்த நிமிடமும் வழுக்கி இறங்கும். எல்லோரும் வீடு திரும்பிவிடுவோம். அவர் சொன்ன பிறகு இன்னொருவர் கைவிட்டுப் பார்ப்பது மரியாதை இல்லை. இருபது வருடமாக அந்த ஆள் நான்தான்.

தம்பி தாரிக்கை ஆறு வயதிலிருந்து வளர்த்தேன். அம்மா, அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வருடத்தில் ஆறு மாதம் கதவு வரைக்கும் பனி. அவன் பேச்சு மட்டும் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். இந்த ஜனவரியில் ஸ்ரீநகரில் ஓட்டல் வேலை கிடைத்துவிட்டது என்று பையைக் கட்டினான்.

"குளிர் முடியட்டுமேடா" என்றேன்.

"முடிஞ்சா அடுத்த குளிர் வரைக்கும் இருன்னு சொல்லுவே. எனக்கு இந்த ஊர் பிடிக்கலைண்ணே. கோழியைக் கூடை போட்டுக் கவுத்த மாதிரி இருக்கு. நீயும் வந்துடேன். ஆனா அங்க யாருக்குப் பனியை அமுக்கிக் காட்டுவே?"

சிரித்தான். நானும் சிரித்தேன். வலித்தது, ஜனாப், மறைக்க ஒன்றுமில்லை.

மறுநாள் காலை கணவாய்க்குக் கீழே குழி தோண்டினேன். அள்ளியது அத்தனையும் உதிர்ந்தது. கையைத் தட்டிக்கொண்டு, "பிடிக்குது. நீ முதல்ல போ" என்றேன். நான் சொன்னது ஒரு சொல்தான். காலை எடுத்து வைத்தது அவன்.

அவன் பாதி வழியில் இருந்தபோது சரிவின் பனி மொத்தமும் இறங்கியது. புதைந்தவனைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டினால் பெரும்பாலும் பிழைத்துவிடுவான். ஊர்க்காரர்கள் சத்தம் கேட்டு ஏறி வர முக்கால் மணி நேரமாகும். நான் அவனிடம் உடனே போய்விட்டேன். சிவப்புக் கையுறை பனிக்கு மேலே தெரிந்தது, விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. கையுறையைக் கழற்றினேன். வெறும் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன், ஆறு வயதில் பிடித்தது போல. அசைவு நின்றதும் பனியால் மூடினேன். கையுறையை இருநூறு அடி கீழே கொண்டுபோய்ப் போட்டேன். நீங்கள் எல்லோரும் அன்று சாயங்காலம் வரை கம்பால் குத்தித் தேடியது அந்த இடத்தில்தான்.

நாளை மேல்பக்கம் தேடலாம் என்கிறீர்கள். அதனால்தான் இதையெல்லாம் சொல்கிறேன். நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவனை எடுக்க வேண்டாம். தினமும் போய்ப் பேசிவிட்டு வருகிறேன். இப்போதெல்லாம் ஸ்ரீநகர் பேச்சே எடுப்பதில்லை. பனி உருகும்வரை இருந்தால் அவனுக்கும் ஊர் பிடித்துப்போகும்.