கொட்டகை நிறைந்த நாள்

பவுடர் பூசாமல் நாலு பேர் முன்னால் வந்து எனக்குப் பழக்கமில்லை ஐயா, பயந்துவிடாதீர்கள். பெயர் கோகிலா. வயது முப்பது என்றே எழுதிக்கொள்ளுங்கள். இளவரசி வேடத்துக்கு அதுவே அதிகம். ஜப்பான்காரன் ஓடியதும் முதல் வேலையாக என்னைக் கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள். மரியாதைதான்.

காஜா பெராங் கொட்டகையில் நான் மேடையேறினால் ஒரு காலத்தில் ஊரே கூடும். பாட்டு பிடித்துவிட்டால் "ஒன்ஸ் மோர்" என்று கத்துவார்கள். திரும்பப் பாடாமல் விடமாட்டார்கள். அப்புறம் ஜெயா என்று ஒரு சின்னப்பெண் வந்து சேர்ந்தாள். குரல் கிடையாது, இடுப்பு உண்டு. நான் வாயைத் திறந்ததும் ஜனம் பீடி குடிக்க எழுந்து போனது. வயிறு எரியாதா?

பிறகு ஜப்பான்காரன் வந்தான். சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடிக்கிறான் என்று ஆண்கள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். எனக்குக் கூடம் கோணலில்லை, காலி.

அப்போதுதான் அவனுடைய மொழிபெயர்ப்பாளர் கருணாகரன் வந்தார்.

"அக்கா, இலவசமா நாடகம் போடச் சொல்றாங்க. ஆம்பளைங்க நெறைய வரணும். வெளிய லோரி நிக்கும். புரியுதுல்ல?"

புரிந்தது. நான் என்ன பாப்பாவா? "வருவாங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"நீங்க கூப்பிட்டா நம்பி வருவாங்க."

உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரே நிபந்தனை போட்டேன். என் கடைசிப் பாட்டு முடியும்வரை யாரையும் தொடக்கூடாது. கதவை மட்டும் முதலிலேயே பூட்டிவிட வேண்டும். பாதியில் எழுந்து போகிற கெட்ட பழக்கம் நம் ஜனத்துக்கு உண்டு.

தெங்கேரா, உஜோங் பாசிர் என்று பக்கத்து ஊர்களிலெல்லாம் வீடு வீடாகப் போய் நானே அழைத்தேன். "நானே நடிக்கிறேன், எவன் வந்து தொடுவான்?" என்று தைரியம் சொன்னேன். என் ஆர்மோனியக்காரர் மருதமுத்து, பாவம், ஒன்றும் தெரியாமல் தன் தம்பிகளைக் கொண்டுவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்.

கொட்டகை நிரம்பி வழிந்தது. கடைசிப் பாட்டின் நடுவே லோரிகள் வந்து நின்ற சத்தம் கேட்டது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அப்படியொரு ஆரவாரத்தை நான் கேட்டதேயில்லை. திரும்பப் பாடினேன். மறுபடியும் பாடினேன். மருதமுத்து வாசிப்பதை விட்டுவிட்டு என் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். அவ்வளவு உருகிவிட்டார்.

சயாமுக்குப் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். கூப்பிட்டது நான், பூட்டச் சொன்னதும் நான். ஆனால் உள்ளே இருந்தவர்கள் கதவை இடித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். மேடையிலேயே தலை நரைத்தவள் நான். கைத்தட்டல் எது என்று எனக்குத் தெரியாதா?