ஒற்றைக்கண் பூச்சி

துடுப்புக்காலி என்கிற கடல் பூச்சிக்கு ஒரே ஒரு கண்தான், சார். கடுகில் பாதிகூட இருக்காது. கடல் தண்ணீரை ஒரு கை அள்ளினால் நாலைந்து வந்துவிடும். அதைத் தேடித்தான் பத்து வருஷம் விஞ்ஞானி ஐயாவின் படகில் போனேன். அதிலும் அவருக்கு வேண்டியது ஒரு வகை மட்டும், வாலில் நாலு மயிருக்குப் பதில் ஐந்து இருப்பது. படித்த மனுஷன், ஒரு மயிருக்காக வாழ்ந்தார்.

புட்டியில் ஒட்டும் சீட்டை எழுதத்தான் நாற்பது வயதில் எழுத்துக் கற்றேன். பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கிறது என்பார். ஊர்ந்தால் உங்களுக்குப் பிடிக்குமே என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் சட்டம் ஒன்றுதான். வலையை ஆழத்தில் இறக்கிவிட்டுக் கயிறு சுற்றும் சக்கரத்தை முடுக்கினால், ஒரே சீராக மேலே வர வேண்டும். நடுவில் நின்றால் பூச்சி நழுவிவிடுமாம். எதற்காகவும் நிறுத்தக் கூடாது.

போன மழைக்காலத்தில் என் இடது கை விரல் இரண்டு கயிற்றோடு சக்கரத்தில் சிக்கின. விசை அவர் கையில். அளவுமானியைப் பார்த்தார்.

"இன்னும் பத்து மீட்டர்தான்ப்பா, பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டேன். விரல் போனது, பூச்சி வந்தது. கரை சேரும்வரை புட்டியைத்தான் மடியில் வைத்திருந்தார்.

"அந்த ஆளு உங்களை மனுஷனாவே மதிக்கல" என்றாள் என் மனைவி. நானும்தான் அவரை மதிக்கவில்லை என்றேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, சார். கோபப்படுகிற அளவுக்கு அவர் பெரிய ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை படகில் நாங்கள் இருவர்தான். கயிற்றை இறக்குவது என் வேலை. அவர் அந்தப் பக்கம் திரும்பி நோட்டில் தேதி போடுவார். பிறகு நான் விசையில் நின்றேன். கயிறு இலேசாக வருகிறதே என்று விளிம்பில் எட்டிப் பார்த்தவர் விழுந்துவிட்டார். கடலையே படித்தவருக்கு நீந்தத் தெரியாது. குனிய இடைஞ்சல் என்று மிதவைச் சட்டையும் போடமாட்டார். கைக்கெட்டும் தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால் இருந்தார். இன்னொரு கயிறு என் காலடியில் கிடந்தது. அதைப் போடச் சொன்னார். நான் அளவுமானியைப் பார்த்தேன்.

"இன்னும் பத்து மீட்டர்தான் ஐயா, பொறுத்துக்கோங்க."

அவர் பொறுக்கவில்லை. அந்த மாதிரி ஆட்களுக்குப் பொறுமை குறைவு.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். சட்டம் அவருடையது, நான் அதை மீறவில்லை. நடுவில் நிறுத்தியிருந்தால் பூச்சியெல்லாம் நழுவியிருக்கும்.

வலை எங்கே என்று கேட்டீர்கள். பத்திரமாக இருக்கிறது. அன்றைக்குக் காலையில் அதைத் துவைத்து, வீட்டுக் கொடியில் காயப்போட்டுவிட்டுத்தான் படகுக்கு வந்தேன்.