ஏழாம் விதியும் பதினைந்தாம் குழலும்

பேசுகிறவன் எவ்வளவு நீட்டினாலும் முகம் சுளிக்காமல், கைக்கடிகாரத்தை மட்டும் கழற்றி எதிரே வைத்துக்கொள்ளும் பெருந்தகை, விழாத் தலைவர் ரத்தினம் அண்ணாச்சி அவர்களே! பஞ்சை நூலாக்கி, நூலைத் துணியாக்கி, துணியால் ஊர் பேர் தெரியாதவன் காயத்தையும் கட்டி ஆற்றும் இராஜபாளையத்துத் தொழிலாளத் தோழர்களே! வத்திராயிருப்பிலிருந்தும் சுந்தரபாண்டியத்திலிருந்தும் வண்டி பிடித்து வந்து, முன்வரிசையை முற்றுகையிட்டு, முறுக்குப் பொட்டலத்தை மூன்றாம் முறையாகப் பிரிக்கும் பெரியவர்களே! ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை மேடைக்குப் பின்னால் மறைத்துவைத்து, என் பேச்சு முடிந்தால்தான் தருவோம் என்று என்னையே மிரட்டும் விழாக் குழுவினரே! தாலாட்டில் தாளம் தந்த தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் அடியேன் தவசிமுத்துவின் தலைதாழ்ந்த, தமிழ் மணந்த வணக்கம்!

என்ன தம்பி, மைக் கரகரக்கிறதா? இருக்கட்டும். இன்று நான் பேசப்போகும் பொருளுக்கு அதுவே பொருத்தமான பக்கவாத்தியம்.

அன்பார்ந்தவர்களே! இராணுவ பேண்டு வாத்தியக் குழுவில் இருபத்தெட்டு ஆண்டுகள் கிளாரினெட் வாசித்தவன் நான். பனியில் வாசித்திருக்கிறேன், பாலைமணலில் வாசித்திருக்கிறேன். அதெல்லாம் சுலபம், இன்று இந்த மேடையில் பேசுவதுதான் கஷ்டம். ஏன் தெரியுமா? இந்தத் தொழிலாளர் கலைவிழாவின் இசைப் போட்டியில் எட்டுக் குழுக்கள் வாசித்து முடித்துவிட்டன. ஒன்பதாவது குழு இதோ, இந்தத் திரைக்குப் பின்னால் நிற்கிறது. பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் பதினான்கு பெண்கள். நான்கு மாதம், சாப்பாட்டு இடைவேளையில் பாதியைச் சாதத்துக்கும் பாதியைச் சங்கீதத்துக்கும் கொடுத்துப் பழகிய பெண்கள். அவர்கள் வாசிக்கலாமா, கூடாதா? அந்தத் தீர்ப்பைச் சொல்லும் பொறுப்பு நடுவர்களில் ஒருவனான என் தலையில் விழுந்திருக்கிறது.

கேள்வி எழுப்பியவர் நூற்பாலைக் குழுவின் தலைவர், அருமைத் தம்பி சங்கிலிப்பாண்டி. அவர்மேல் யாரும் கோபப்படாதீர்கள். போட்டி விதிகள் அச்சடித்த தாளை என்னிடம் நீட்டி, "அண்ணாச்சி, ஏழாவது விதியைப் படிங்க. நாங்க அம்புட்டுப் பேரும் அதுக்குக் கட்டுப்பட்டுத்தான வந்திருக்கோம்?" என்று கேட்டார். நியாயம்தானே?

ஏழாம் விதி என்ன சொல்கிறது? "மலிவு விலைக் கடைகளில் விற்கப்படும் விளையாட்டுச் சாமான்கள் இசைக்கருவிகளாக ஏற்கப்படமாட்டா." அந்தப் பதினான்கு பெண்களின் கையில் இருப்பதோ, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 'எதை எடுத்தாலும் தொண்ணூற்றொன்பது' கடையில் வாங்கிய பச்சை பிளாஸ்டிக் குழல்! ஈரமில்லாத இந்த விதியை எழுதிய இரும்பு நெஞ்சன் யார்? அவன் எங்கே இருக்கிறான்? இந்த மேடையில்தான் இருக்கிறான். இதே மைக்கைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நான் ஏன் எழுதினேன் என்பதையும் கேளுங்கள். வயிறெரிந்து எழுதினேன்! என் மைத்துனர் பேச்சிமுத்து அப்படியொரு கடையில் ஒரு கித்தார் வாங்கினார். ஆறாம் நாள் அதன் கழுத்து வளைந்தது. எட்டாம் நாள் கம்பி தெறித்தது. இன்று அவர் கொல்லையில் அந்தக் கித்தாரின்மேல் அவரைக்கொடி படர்ந்திருக்கிறது. காய் நன்றாகக் காய்க்கிறது, அதை நான் மறுக்கவில்லை!

இன்னொரு வீட்டில் ஒரு கீபோர்டு. ஒரு கட்டையை அழுத்தினால் தவளை கத்துகிறது, அடுத்ததை அழுத்தினால் நாய் குரைக்கிறது. அந்தக் குரைப்பைக் கேட்டு எதிர்வீட்டு வாசலில் படுத்திருந்த நம் ஊர் நாய் காதைக்கூட அசைக்கவில்லை. இராஜபாளையத்து நாயை ஏமாற்ற முடியுமா ஐயா? போன பொங்கலுக்கு ஒரு டிரம். முதல் அடிக்குக் குச்சி உள்ளே போனது. போனது போனதுதான், இன்னும் திரும்பவில்லை!

இந்தக் கோபமெல்லாம் சேர்ந்துதான் ஏழாம் விதியாக வந்து விழுந்தது. இன்று காலைவரை அதை எழுதிய கையை நானே மெச்சிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் பொய். போன ஞாயிற்றுக்கிழமையே அந்தப் பெருமை ஆட்டம் கண்டுவிட்டது.

அந்தக் குழுவின் தலைவி மாரிக்கனி. துணியின் தரம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற செக்கர் அம்மா. "ஐயா, ஒரு தடவை வந்து கேட்டுட்டுப் போங்க" என்று போன் செய்தது. கிளாரினெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, அவர்கள் பழகும் அறைக்குப் போனேன். கேட்கவா போனேன்? மறுக்கப் போனேன்!

ஒரு குழலை வாங்கி ஊதிப் பார்த்தேன். ச, ரி, க என்பதில் மூன்றாவதான காந்தாரம் ஒரு நூல் இறங்கி நின்றது. "ஏம்மா, இது தப்பா இருக்கே" என்றேன்.

"எம்புட்டுத் தப்பு ஐயா?"

"கொஞ்சம் இறங்கி நிக்குது."

"எல்லாம் அம்புட்டுத்தான் இறங்கி நிக்கும். ஒரே லாட்டு ஐயா!"

எனக்குப் புரியவில்லை. மாரிக்கனி விளக்கியது. முதலில் ஆளுக்கொரு கடையில் வாங்கினார்களாம். சேர்ந்து ஊதினால், ஆட்டுச் சந்தை தோற்றது. அடுத்து என்ன செய்தது இந்த மாரிக்கனி? பேண்டேஜ் கம்பெனியில் ஒரே லாட்டில், அதாவது ஒரே தடவையில் சேர்த்துச் செய்த தொகுதியில், வந்த சுருள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், லாட்டு மாறினால் குணம் மாறும். அது இந்த அம்மாவின் அன்றாடப் பாடம். நேரே தொண்ணூற்றொன்பது கடைக்குப் போய், மூன்று அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, பெட்டியில் அச்சடித்த லாட்டு நம்பரைப் பார்த்து, ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து எடுத்திருக்கிறது. கடைக்காரர் பொறுமை இழந்து, "ஏம்மா, குழல் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று கேட்டிருக்கிறார்.

அதற்கு மாரிக்கனி சொன்ன பதிலைக் கேளுங்கள், தாய்மார்களே! "புண்ணுல வைக்கிற துணியையே நூலெண்ணிப் பாத்துத்தான் அனுப்புதோம். வாயில வைக்கிறதப் பாக்காம வாங்குவோமா?"

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! நான் அன்று தட்டவில்லை. எனக்குத்தான் கர்வம் கண்ணை மறைத்திருந்ததே! "சரி, வாசிங்க" என்றேன். வாசித்தார்கள். பதினான்கு குழல், ஒரே குரல்! காந்தாரம் வந்த இடத்தில் பதினான்கும் ஒன்றாக இறங்கின, ஒன்றாக நின்றன, ஒன்றாக ஏறின. இவர்களுக்குச் சரியான சுரத்தைக் காட்டிக்கொடுப்போம் என்று நான் கிளாரினெட்டை எடுத்தேன். நடுவில் புகுந்தேன். ஊதினேன்.

பதினான்கு முகமும் சுளித்தன. கடைசி வரிசையில் இருந்த மாடத்தி அம்மாள் கையை உயர்த்தினார். "ஐயா, கோவிச்சுக்கிடாதீய. செத்த நேரம் நிப்பாட்டுங்க. உங்களுது மட்டும் தனியாக் கத்துது."

இருபத்தெட்டு ஆண்டுச் சேவை! எத்தனையோ அணிவகுப்பு! எந்த அதிகாரியும் என்னைப் பார்த்து ஒரு நாளும் சொல்லாத சொல்லை மாடத்தி அம்மாள் சொல்லிவிட்டார். அதில் பொய் ஒரு துளியும் இல்லை. அந்த அறையில் தனியாகக் கத்தியது நான் ஒருவன்தான்.

அவையோரே! மட்டமான கருவியை நான் இன்றும் மட்டம் என்றுதான் சொல்வேன். அந்தப் பச்சைக் குழல் நல்ல குழலா? இல்லவே இல்லை! ஆனால் நான் யாரைத் தண்டித்தேன்? வளையும் கித்தாரைச் செய்தவனைத் தண்டித்தேனா? கிழியும் டிரம்மை விற்றவனைத் தண்டித்தேனா? அவர்களைத் தட்டிக் கேட்க எனக்குத் துணிவில்லை. வேறு கடை எட்டாத கையை, வேலை முடித்து வீடு போகும் வழியில் ஆசையாக ஒரு குழலைத் தொட்ட கையை, விதி எழுதி விலங்கிட்டேன்! விற்றவன் வீட்டில் நிம்மதியாக இருக்கிறான். வாங்கியவள் திரைக்குப் பின்னால், மஞ்சப்பையில் குழலை ஒளித்துவைத்துக்கொண்டு நிற்கிறாள். இது நியாயமா? சொல்லுங்கள், இது நியாயமா?

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதைப் பந்தல் நிறைந்த கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்றுதான் தலைவரிடம் மைக்கைக் கேட்டு வாங்கினேன். ஏழாம் விதி என் விதி. எழுதிய நானே அதை எடுத்துவிடுகிறேன். ஆனால் அதை நம்பி, வாடகைக்குப் பித்தளை வாத்தியம் எடுத்து வந்தவர் தம்பி சங்கிலிப்பாண்டி. அவர் சம்மதம் எனக்கு வேண்டும். தம்பி, எழுந்திருங்கள். என்ன சொல்கிறீர்கள்?

கேட்டதா? பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். "தீர்ப்பு எப்பவோ தெரிஞ்சு போச்சு அண்ணாச்சி. நீங்க இறங்குனாத்தான அவுக ஏற முடியும்?" என்கிறார்! வாழ்க தம்பி! வாசிப்பில் பெரிய குழுவின் தலைவர், மனத்திலும் பெரியவர்.

இறங்கிவிடுகிறேன். ஒரே ஒரு செய்தி பாக்கி. மூன்று நடுவர்களில் ஒருவன் இந்த நிமிடத்திலிருந்து விலகுகிறான். மற்ற இருவரும் நேர்மையாக மதிப்பெண் போடட்டும். இந்தக் குழு தோற்றாலும் நான் வாய் திறக்கமாட்டேன். ஏன் விலகுகிறேன் தெரியுமா? அன்று பஸ் ஏறக் கிளம்பியவனை வாசலில் நிறுத்தி, மாரிக்கனி என் கையில் ஒன்றைத் திணித்தது. "உங்களுக்கும் ஒண்ணு எடுத்து வச்சிருந்தேன் ஐயா. அதே லாட்டு" என்றது.

இதோ பாருங்கள், சட்டைப்பையில் பச்சையாக எட்டிப் பார்க்கிறது. ஒரு வாரமாகக் கதவைச் சாத்திக்கொண்டு பழகுகிறேன். காந்தாரம் இப்போது எனக்கும் அவர்கள் அளவுக்கு இறங்கிவிட்டது.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்ட தலைவர் அண்ணாச்சிக்கும், கரகரத்தாலும் கைவிடாத இந்த மைக்குக்கும் என் நெஞ்சம் நெகிழ்ந்த நன்றி! அனைவருக்கும் வணக்கம்!

திரையைத் தூக்குங்கப்பா! ஏம்மா மாரிக்கனி, குழலைப் பையிலிருந்து வெளியே எடுங்க. மாடத்தி அம்மா, கடைசி வரிசையில் உங்கள் பக்கத்தில் எனக்கும் ஒரு இடம் விடுங்கள். நான் தனியாகக் கத்தினால் அன்றைக்குப் போலவே கையை உயர்த்துங்கள்.