வெயில் கேட்டு வந்தவர்கள்

"கொடைக்கானலுக்கே போயிட்டு வாயேம்மா. பங்குனி வெயில்ல யாராவது கீழ இருப்பாளா?" என்று கேட்டாள் என் மகள் ராஜஸ்ரீ. பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன்.

"அங்க குளிரும்டி. அப்பாவுக்கு இழுப்பு வந்துடும். சூடா ஒரு இடமாப் பாரு."

"மதுரையை விடச் சூடாவா? அதுக்கு எமலோகத்துக்குத்தான் டிக்கெட் போடணும்."

இரண்டு பேரும் சிரித்தோம். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவரும் சிரித்தார். இடம் தேர்ந்தெடுத்தது யார் என்று நீங்கள் கேட்டதால் இதிலிருந்து தொடங்குகிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். ராஜஸ்ரீ பணம் கட்டினாள், அவ்வளவே. குழந்தையைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

ராமேஸ்வரம் பார்த்தேன், கடல் காற்று அடிக்கும். குற்றாலம் வறண்டு கிடந்தாலும் மரங்கள் அதிகம். கடைசியில் திருமங்கலத்துக்கு மேற்கே, கரிசல் காட்டு நடுவில் ஒரு தோட்ட வீடு போனில் வந்தது. படத்தில் ஒரே ஒரு வேப்பமரம். அதுவும் பங்குனியில் இலை உதிர்த்துத் துளிர்விடும் சமயம், நிழல் சல்லடை மாதிரிதான் விழும். எனக்குப் பிடித்துவிட்டது.

வீட்டுக்காரர் அழகுபாண்டியிடம் நானே பேசினேன்.

"அம்மா, இப்ப யாரும் வரமாட்டாகம்மா. மார்கழில வாங்க, சும்மா ஜில்லுன்னு இருக்கும்" என்றார்.

"எங்களுக்கு வெயில்தாம்ப்பா வேணும். அவருக்கு மார்ச்சளி."

"வெயில் வேணும்னு கேட்டு வார மொத ஆளு நீங்கதேன். எம்புட்டு வேணும்னாலும் அள்ளிக்கங்க. அதுக்குத் தனியா வாடகை கிடையாது."

நல்ல மனிதர். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

என் கணவர் வெங்கட்ரமணனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரசு அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை அடித்ததில்லை, அதட்டியதில்லை. திருநகரில் எங்கள் தெருவில் விசாரித்தால் தங்கமான மனுஷர் என்பார்கள். அது உண்மை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு பழக்கம். எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்.

கல்யாணமான புதிதில் என் மாமியார் சொன்னார்: "அவன் கேக்க மாட்டான். பழக்கமில்லை. நீதான் பாத்துப் பாத்துக் குடுக்கணும்." தாகம் எடுத்தால் தொண்டையை ஒரு முறை கனைப்பார். தண்ணீர் வந்துவிட வேண்டும். காபிக்கு வேறு மாதிரிக் கனைப்பு. துண்டுக்கு ஒன்று. நான் கற்றுக்கொண்டேன். கல்யாண மண்டபத்தில் ஆண்கள் வரிசையில் அவர் கனைத்தால், பெண்கள் பக்கம் பேசிக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கும். வெளியில் யார் கையாலும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார், அது அவர் ஆசாரம். அதனால் எங்கே போனாலும் வீட்டுத் தண்ணீர் நிரப்பிய கூஜா என்னோடு வரும். பித்தளைக் கூஜா, திருகு மூடி. என் பெண் பிறந்தபோதுகூட அவளை அவரிடம் கொடுத்துவிட்டு நான் கூஜாவைத்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன் என்று என் அக்கா கேலி செய்வாள்.

ஒரு வருஷம் எனக்குச் சிக்குன்குனியா வந்தது. விரல் மடங்கவில்லை, கால் ஊன்ற முடியவில்லை. அவர் அறை வாசலில் வந்து நின்று கனைத்தார். சமையலறை அவருக்குப் பின்னால் ஐந்தாறு அடிதான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கொண்டுவந்தேன். குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தார், நான் எடுப்பதற்காக.

அன்றைக்குத்தான் நான் ஒரே ஒரு தடவை கேட்டேன். "ஏன்னா, ஒரு வார்த்தை, தண்ணி குடுன்னு வாய்விட்டுக் கேக்கப்படாதா?"

அவர் சிரித்தார். அன்பான சிரிப்புதான். "கேட்டுத்தான் நோக்குத் தெரியணுமா?"

அவருடைய அறுபதாம் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து, "நான் மனசுல நெனச்சாலே போறும், ஸ்யாமளா கொண்டுவந்து நிப்பா" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். என் தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு தம்பதியா என்றாள். நானும் மாலையோடு தலை குனிந்து நின்றேன். படத்தில் வெட்கப்படுகிற மாதிரி இருக்கும்.

அவர் ஒரு முறை என்னிடம் கேட்க வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததில்லை, மேடம். நகை, புடவை என்று நான் நச்சரித்ததே இல்லை.

போன வருஷம் அவருக்கு முழங்கால் ஆப்பரேஷன் ஆயிற்று. அதிலிருந்து யாராவது கை கொடுத்தால்தான் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பார். காலில் நீர் கோத்துக்கொள்வதால் தினமும் காலையில் ஒரு நீர் மாத்திரை. வெயில் காலத்தில் அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் தண்ணீர் வற்றிவிடக் கூடாது, கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். அவரிடம் சொல்லவில்லை. தண்ணீர் அவருடைய இலாகா இல்லையே.

தோட்ட வீட்டுக்குப் போன அன்று சாயங்காலம் அரை டம்ளர் கொடுத்தேன். ராத்திரி கொஞ்சம். கூஜா போக ஒரு கேன் நிறைய வீட்டுத் தண்ணீர் கொண்டுபோயிருந்தோம். மறுநாள் விடிந்ததும் மாத்திரை விழுங்குவதற்கு ஒரு மடக்குக் கொடுத்தேன். பிறகு கேன் தண்ணீரில் முகம் கழுவி, கால் கழுவி, மிச்சத்தை வேம்புக்கு ஊற்றினேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நாற்காலியை மரத்தடியில் போட்டு உட்காரவைத்தேன். எதிரே பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் கொட்டி, வாய்க்காலில் ஓடியது. அதன் சத்தம் நன்றாகக் கேட்கும். அவர் கனைத்தார். நான் பூத்தொடுத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

அழகுபாண்டியின் மனைவி ஒச்சாயி மோர்ச் செம்போடு வந்தாள். "சாமி, வெயிலு இந்தப் போடு போடுது. ஒரு வாய் மோரு குடிங்க."

அவர் புன்னகையோடு கையை உயர்த்தி வேண்டாம் என்றார்.

"அவர் வெளியில குடிக்க மாட்டார்ம்மா" என்றேன்.

"அட, எங்க வீட்டு மோரு என்னா கடிச்சா வைக்கப் போகுது?" என்று சிரித்தாள். "அம்மா நீங்களாச்சும் குடிங்க."

நான் வாங்கிக் குடித்தேன். பச்சைமிளகாயும் கொத்தமல்லியும் தட்டிப் போட்டிருந்தாள். கல்யாணமான பிறகு வெளி மனிதர் கையால் நான் குடித்தது அதுதான் முதல் தடவை. ரொம்ப நன்றாக இருந்தது. இன்னொரு செம்பு கேட்டேன், கேட்டதும் கொடுத்தாள். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒச்சாயி விறகுக்குக் காய்ந்த பருத்திமார் பிடுங்கக் காட்டுக்குப் போய்விட்டாள். அழகுபாண்டி திருமங்கலம் சந்தைக்குப் போயிருந்தார். வெயில் ஏறியது. நிழல் நகர்ந்துவிட்டது, நாற்காலி அங்கேயே இருந்தது. நகர்த்து என்று அவர் சொல்லவில்லை. கனைத்துக்கொண்டே இருந்தார். தண்ணீர்க் கனைப்பு, காபிக் கனைப்பு, துண்டுக் கனைப்பு எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தன. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்று, வாயைத் திறந்து திறந்து மூடினார். வியர்ப்பது நின்றுபோயிருந்தது. நான் எதிரே இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து கூஜாவை மடியில் வைத்துக்கொண்டேன். அது நிறைய இருந்தது. அவருக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு முறை அசைத்தேன்.

"ஏம்மா, அம்புட்டுத் தண்ணிய மடியில வச்சுக்கிட்டா பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். உங்களுக்குக் கோபம் வந்தது. எனக்குப் புரிகிறது. அப்போது நான், அவர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்றேன். கேட்காமல் இருந்தது அவர் பிடிவாதம், அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்றேன். அதை உங்கள் ரைட்டர் எழுதிக்கொண்டார்.

அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். காட்டிலிருந்து திரும்பும்போது ஆம்பளைக் குரல் கெஞ்சுகிற மாதிரிக் கேட்டது என்று ஒச்சாயி சொன்னது சரிதான். அவள் பொய் சொல்லக்கூடிய பெண் இல்லை.

அவர் கேட்டார்.

உதடு ஒட்டிக்கொண்டிருந்ததால் முதலில் சொல் சரியாக வரவில்லை. நான் குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோனேன். மூடியின் மேல் கை வைத்துவிட்டேன், மேடம். திறப்பதற்காகத்தான் வைத்தேன். ஆனால் அந்தக் குரலை எப்படிச் சொல்வேன்? பெண் பார்க்க வந்தபோதுகூட என்னிடம் அவர் அப்படிப் பேசவில்லை. உடனே கொடுத்துவிட்டால் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். அப்புறம் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதனால், "கேக்கலையேன்னா, இன்னொரு தரம் சொல்லுங்கோ" என்றேன். சொன்னார். இன்னும் கொஞ்சம் உரக்க என்றேன். அதற்கும் சொன்னார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. அந்த மத்தியானம் முழுவதும் நான் ஒரு தடவைகூட அவரிடம் இல்லை என்று சொல்லவில்லை.

கடைசியாகச் சொன்னது மட்டும் தெளிவாக இருந்தது. என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஸ்யாமளா, நோக்குப் புண்ணியமாப் போறது, ஒரு வாய் தண்ணி குடும்மா."