நாற்பது படமும் ஒரே கண்ணீரும்

மகள்: ...அவசரப்படாதம்மா. ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள மார்க் போடணும். தேடின வார்த்தைக்குப் படம் பொருந்துதான்னு பாரு, அவ்வளவுதான்.

அம்மா: தேனீக்கு அஞ்சு. ஏணிக்கு நாலு. போதும்டி, எனக்கு உன்கிட்ட ஒரு...

மகள்: இன்னும் ஒரே ஒரு வார்த்தை! படம் தேடுற இந்தத் தளத்தை அடுத்த வாரம் எல்லாருக்கும் திறக்கப் போறாங்க. அதுக்குள்ள கம்பெனி குடுக்கற வார்த்தைங்களை வச்சு நாங்க சோதிச்சுக் குடுக்கணும். இதோ... வந்துடுச்சு.

அம்மா: என்ன வார்த்தை?

மகள்: 'விதவை.' நாற்பது படம் காட்டுது. பாத்துச் சொல்லு.

அம்மா: இருட்டு ரூம், ஜன்னல், கண்ணீர். இதுலயும் ஜன்னல், கண்ணீர். இதுல கண்ணீர் மட்டும், ஜன்னலைக் காணோம். சரியாத்தானே இருக்கு? அஞ்சு போடு.

மகள்: அஞ்சா! பூஜ்யம் போட வழியில்லையேன்னு நான் துடிக்கிறேன்! நாற்பது பேர்ல ஒருத்தி சிரிக்கலையா? ஒருத்தி வேலைக்குப் போகலையா? ஒருத்தி பஸ்ஸுல சீட்டுக்குச் சண்டை போடலையா? புருஷன் செத்தா பொண்டாட்டியை ஜன்னலோட சேத்து ஆணி அடிச்சு மாட்டணும்னு எந்தச் சட்டம் சொல்லுது?

அம்மா: மெதுவா பேசுடி. மைக் இல்லாமலே தெருக்கோடி வரைக்கும் கேக்குது.

மகள்: கேக்கட்டும்! அப்பா போய் ஒன்பது வருஷம். தையல் மிஷினைப் பழுது பாத்தே என்னைப் படிக்க வச்ச. இந்த நாற்பதுல நீ எங்கம்மா?

அம்மா: ...எங்கயும் இல்ல. முதல் வருஷம்னா, அந்த மூணாவது படம்.

மகள்: இப்ப?

அம்மா: இப்ப ஜன்னல்ல நிக்க எனக்கு ஏது நேரம்?

மகள்: அப்ப கண்ணாடிக் கடைக்காரருக்கு ஏன் பதில் சொல்லாம இழுக்கற?

அம்மா: அடிப்பாவி! உனக்கு யாரு...

மகள்: ஒரே மாசத்துல மூணு தடவை மூக்குக் கண்ணாடி கழண்டு போகுமா? அதுவும் மிஷினையே கழட்டி மாட்டறவளுக்கு! அவர் உன்னைக் கட்டிக்கக் கேட்டது தெருவுக்கே தெரியும்.

அம்மா: தெரு கிடக்கட்டும். வளந்த பொண்ணு வீட்டுல இருக்கா. அவ என்ன நினைப்பாளோன்னு ஒரு பயம் இருக்காதா?

மகள்: அவ என்ன நினைக்கறான்னு இன்னுமா புரியல? 'விதவை' கம்பெனி குடுத்த வார்த்தை இல்லம்மா. நானே அடிச்சேன்... பேச்சை எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம. ஆனா இந்தக் கொடுமையை அவங்களுக்கு எழுதி அனுப்பாம விடப் போறதில்ல. அது என் பாடு. நீ சொல்லு, அவருக்கு என்ன பதில்?

அம்மா: பதிலைப் போன வாரமே சொல்லிட்டேன்டி. நாளைக்குப் பதினோரு மணிக்குப் பதிவு ஆபீஸ். சாட்சிக் கையெழுத்துக்கு உன்னை எந்த வாயால கூப்பிடறதுன்னு தெரியாமத்தான், காலையிலேர்ந்து உன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்.