முப்பத்தொன்றாம் அறைச் சிரிப்பு

மாலை நாலரை மணி. நாலரைதான்... ஆனால் அந்த வெளிநாட்டு ஊரில் அது பனிக்காலம். மை கொட்டியதுபோல இருட்டிவிட்டிருந்தது. தெரு குறுகல், வண்டி திரும்பாது என்று டாக்ஸிக்காரன் முனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். கல் பாவிய நீளமான தெரு. இரண்டு பக்கமும் சாத்திய ஜன்னல்கள். ஓர் ஆள் இல்லை, ஒரு நாய் இல்லை. இரண்டு பெட்டிகளின் சக்கரச் சத்தம் மட்டும்... கடகட... கடகட...

நடந்து வந்தவர்கள் இரண்டு பெண்கள். அக்கா, தங்கை.

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொல்கிற கதையில்லை இது. நம் ஊர் போட்டோக்காரருடைய ஒன்றுவிட்ட அக்காவுக்கு நடந்தது. அவர் சொல்லக் கேட்டதுதான். நம்பிக்கை இல்லாதவர்கள் நாளைக்கு அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவளுக்கு நாற்பத்தேழு வயது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். "மூச்சை இழுங்க... பிடிங்க... விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதற்கு மேல் பேச்சு வராது. சின்னவளுக்கு நாற்பத்தொன்று. கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள். அவள் ஒரு மண்டபத்தில் சிரித்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு பேருமே தனிக்கட்டை. பெரியவளுக்கு அமையவில்லை. சின்னவளுக்கு அமைந்தது நிலைக்கவில்லை.

அவர்களுடைய அம்மா மூன்று வருடம் படுக்கையில் கிடந்தாள். தூக்கி உட்காரவைத்தது, துடைத்தது, ஊட்டியது எல்லாம் பெரியவள். ஆனால் கண் திறக்கும்போதெல்லாம் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சின்னது வந்துச்சா?" மாதத்துக்கு ஒருமுறை வந்து, பத்து நிமிடம் உட்கார்ந்து, நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவளுக்கு அந்த ஏக்கம். பக்கத்திலேயே நிற்கிறவள் கண்ணுக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கொண்டுபோய் எரித்தார்கள். பெரியவள் வயிற்றில் எரிந்தது மட்டும் அணையவே இல்லை. ஏழு மாதம் தங்கையோடு பேச்சே கிடையாது.

அப்புறம் ஒரு நாள் சின்னவள் வந்து நின்றாள். "ஒரு வாரம் எங்கயாச்சும் போயிட்டு வரலாம்க்கா. நாம ரெண்டே பேர். எனக்கும் உன்னை விட்டா வேற யாரு இருக்கா?"

அப்படித்தான் அந்த ஓட்டலுக்கு வந்தார்கள். நாலு மாடி, மாடிக்கு நாலே அறை. ஒன்றரை ஆள் நிற்கிற லிப்ட். உள்ளே நுழைந்ததும் நனைந்த கம்பளியை இஸ்திரி போட்டதுபோல ஒரு வாடை. கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடியோடு ஒரு கிழவர் மேசைக்குப் பின்னால். இரண்டு கட்டில் போட்ட அறை காலியில்லையாம். ஒற்றைக் கட்டில் அறைகள் இரண்டு, பக்கத்துப் பக்கத்தில். சாவிகளை நீட்டினார். சின்னவள் கைக்கு முப்பத்தொன்று வந்தது. பெரியவளுக்கு முப்பத்திரண்டு.

முப்பத்தொன்றில் பெரிய ஜன்னல். கீழே தெரு விளக்கு, தூரத்தில் ஆற்றுப் பாலம், உட்கார ஒரு மெத்தை நாற்காலி, சுவரில் நீள்வட்டக் கண்ணாடி. முப்பத்திரண்டில் ஜன்னலைத் திறந்தால்... நாலு பக்கமும் சுவர். நடுவில் ஓடுகிற கழிவுநீர்க் குழாய்.

"உனக்கு வேணும்னா அதை எடுத்துக்கக்கா."

"எனக்கெதுக்கு? தூங்கத்தானே போறோம்."

சொல்லிவிட்டாள். கதவைச் சாத்தியதும் குழாயைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். இந்த ஊரிலும் அவளுக்கு ஆறு, எனக்குச் சாக்கடையா?

ஒன்பது மணி இருக்கும். படுத்துவிட்டாள். அப்போதுதான் கேட்டது.

சர்ர்ர்... சர்ர்ர்...

சுவருக்கு அந்தப் பக்கம். சீப்பு. நீளமான கூந்தலில் மேலிருந்து கீழ்வரை, நிறுத்தி நிதானமாக ஓடுகிற சீப்பு. நடுவில் சின்னவளுடைய பேச்சு. அப்புறம் அந்தச் சிரிப்பு. ஒரு நிமிடம் அமைதி... மறுபடி பேச்சு, மறுபடி சிரிப்பு.

யாரோடு போனில்? பகல் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டவளுக்கு இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது இவ்வளவு குதூகலம்? பெரியவள் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டாள். தூக்கம் வரவில்லை. பொறாமைக்குத் தூக்கம் ஏது?

காலையில் கீழே சாப்பாட்டு அறையில் சின்னவள் முகம் துடைத்து வைத்த விளக்குபோல இருந்தது. கூந்தல் நாலு கால் பின்னலாகப் பின்னியிருந்தது. ஒரு மயிர்கூடப் பிசிறவில்லை. தன் தலைக்குப் பின்னால் தானே அப்படிப் பின்னிக்கொள்ள முடியாது. பெரியவளுக்கு அது தெரியும். சின்ன வயதில் தினமும் தங்கைக்குத் தலை வாரியது அவள்தான். வாருவது என்ன... பிய்ப்பது. அம்மா மேலிருந்த கோபத்தையெல்லாம் அந்தக் கூந்தலில்தான் காட்டினாள். தினமும் அழுதுகொண்டேதான் சின்னது பள்ளிக்கூடம் போகும்.

"பின்னல் யாரு போட்டா?" என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் சின்னவள் மேசைக்கு மேலே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ்க்கா," என்றாள். கண்ணில் நீர். வெளியூர் கூட வந்ததற்குச் சொல்கிறாள் என்று நினைத்துப் பெரியவள் ரொட்டியைக் கடித்தாள்.

இரண்டாவது ராத்திரி காதைச் சுவரில் வைத்துக் கேட்டாள். சுவர் ஜில்லென்றிருந்தது. சர்ர்ர்... சர்ர்ர்... சின்னவள் குரல். அதற்கு நடுவே... இன்னொரு குரல். பெண் குரல். தணிந்த குரல். வார்த்தை புரியவில்லை. ஆனால் போனில் கேட்கிற குரல் இல்லை அது. அறைக்குள் இருக்கிற குரல்.

ஆக, ஒருத்தி வருகிறாள். இவளுக்கு இந்த ஊரில் ஒரு சிநேகிதி இருக்கிறாள். அவளைப் பார்க்கத்தான் இந்தப் பயணமே. நான் வெறும் துணைக்கு! பெரியவள் பல்லைக் கடித்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தாள்.

விடிந்ததும் முதல் வேலையாகக் கிழவரிடம் போனாள். முப்பத்தொன்றுக்கு ராத்திரி யார் வந்தது?

கிழவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான்மா போனீங்க," என்றார் அவர் பாஷையில். "வேற யாரும் மாடி ஏறலை."

நேற்று சாயங்காலம் நான் தங்கை அறையை எட்டிப் பார்த்ததைச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். மனுஷ மனம் இருக்கிறதே... தனக்குப் பிடிக்காத அர்த்தத்தை அது லேசில் எடுத்துக்கொள்ளாது.

அன்று மத்தியானம் ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் இருந்தது. ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். சின்னவள் காகிதக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா விஷயத்துல என் மேல கோபமே இல்லைன்னு நேத்து ராத்திரி சொன்னியேக்கா... அது போதும் எனக்கு. அம்மா போனதுக்கப்புறம் நேத்துதான் நிம்மதியா தூங்கினேன்."

ஆற்றில் ஒரு படகு போயிற்று. பெரியவள் அதையே பார்த்தாள்.

"தலை வாரும்போதும் எவ்ளோ மெதுவா வாருறே இப்பல்லாம்... வலிக்கவே இல்ல."

இப்போது சொல்லுங்கள், அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? "அது நானில்லடி" என்று கத்தியிருப்பீர்கள். தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அப்படியே ஓடியிருப்பீர்கள். பெரியவளும் பெஞ்சிலிருந்து எழத்தான் பார்த்தாள். ஆனால் தங்கை முகத்தைப் பார்த்தாள். முதல்முறையாக அவளைப் பாசத்தோடு பார்க்கிற முகம். இதுவரை அம்மாவுக்கு மட்டும் கிடைத்த முகம்.

"சரி சரி... விடு," என்றாள்.

அவ்வளவுதான். இன்னொருத்தி கொடுத்த மன்னிப்பைத் தன்னுடையது என்று வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

ஆனால் திருடின சோறு செரிக்குமா? சாயங்காலம் முழுக்க அவளுக்கு ஒரே நினைப்பு. பயம்கூட இரண்டாம்பட்சம்தான். என் தங்கைக்குத் தலை வார அவள் யார்? என் வாயால் பேச அவள் யார்? நாற்பது வருடமாக என்னால் சொல்ல முடியாததை ஒரே ராத்திரியில் சொல்ல அவளுக்கு எப்படி வாய் வந்தது? இன்றைக்கு நான் முந்திக்கொள்கிறேன். அவள் வருவதற்குள் நானே போய் உட்கார்ந்து வாரிவிடுகிறேன். மெதுவாக.

மணி ஆறு. சீப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் விளக்கு மங்கலாக எரிந்தது. முப்பத்தொன்றின் கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். கையை ஓங்கினாள்...

வாசம்.

கதவிடுக்கு வழியாகத் தைலத்தின் வாசம். எக்ஸ்ரே தகடு தூக்கித் தூக்கி வலிக்கிற மணிக்கட்டுக்கு அவள் தினமும் தடவுகிற தைலம். அந்தப் பாட்டிலை அவள் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். மூன்று நாளாக அவள் கையில் அந்த வாசமே கிடையாது.

உள்ளே... சர்ர்ர்... சர்ர்ர்...

தட்டினாள்.

சீப்புச் சத்தம் நின்றது.

"யாரது?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அவளுடைய குரல். அவளுடைய அதே கட்டைக் குரல்தான். ஆனால் எவ்வளவு கனிவு! அவள் தொண்டையில் ஒருநாளும் வராத கனிவு.

சங்கிலி போட்டபடியே கதவு நாலு விரற்கடை திறந்தது. சின்னவள் நின்றாள். கூந்தல் பாதி பின்னியிருந்தது. பின்னலின் மறுமுனை தோளுக்குப் பின்னால், விறைப்பாக, உள்ளே இருட்டை நோக்கி நீண்டிருந்தது. யாரோ விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுபோல.

பெரியவள் கதவிடுக்கோடு முகத்தை ஒட்டினாள். எப்படியோ சொல்லிவிட்டாள். "அது... அது நான் இல்லடி."

சின்னவள் திரும்பி உள்ளே பார்த்தாள். மறுபடி அக்காவைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் பயம் இல்லை. குழப்பமும் இல்லை.

"தெரியும்க்கா," என்றாள்.

கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

பெரியவள் கதவை அடித்தாள். கத்தினாள். கிழவர் மூச்சிரைக்க ஏறி வந்து மாற்றுச் சாவியால் திறந்தார். இப்போது சங்கிலி போட்டிருக்கவில்லை. சின்னவள் கட்டிலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தனியாக. பின்னல் முடிந்திருந்தது. நுனியில் ரிப்பன்கூடக் கட்டியிருந்தது. எழுப்பிக் கேட்டதற்கு, "என்னக்கா, கனவு கண்டியா?" என்றாள்.

மறுநாளே கிளம்பிவிட்டார்கள். பெட்டியை இறக்கும்போது பெரியவள் திரும்பிப் பார்த்தாள். அறை சுத்தம் செய்கிறவள் முப்பத்தொன்றின் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தாள். உள்ளே ஒரு கால் வைத்தாள்... இன்னொரு கால் வைத்தாள். ஜன்னலைப் பட்டென்று திறந்தாள். கிழவரைக் கூப்பிட்டு என்னவோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். ரொம்ப நாளாகத் தங்கிவிட்ட விருந்தாளி ஒருவழியாகக் கிளம்பினால் வீட்டுக்காரர்கள் சிரிப்பார்களே... அந்தச் சிரிப்பு.

ஊருக்கு வந்த பிறகு சின்னவள் அக்காவைக் கூப்பிடவே இல்லை. பெரியவளும் போகவில்லை. எட்டு மாதம் ஓடிவிட்டது. அவளுக்கு இப்போது எரிச்சல் தங்கை மேல் இல்லை. தன்னைப் போலவே இருந்துகொண்டு தன்னைவிட நல்லவளாக இருந்தாளே, அவள் மேல். படுத்தால் எழுந்தால் அதே நினைப்பு. கடைசியில் ஒரு நாள், போய்க் காலில் விழுந்தாவது பேசிவிடலாம், அந்த மன்னிப்பை என் வாயாலேயே சொல்லிவிடலாம் என்று வேலையிலிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள்.

மூன்றாவது மாடி. பகல் வெளிச்சம் இன்னும் போகவில்லை. மணியை அழுத்தினாள். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். எதிர்வீட்டுக் கதவுதான் திறந்தது. அங்கே இருப்பது ஒரு டீச்சர். பெரியவள் அவரை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"அடடே, இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டீங்களா?" டீச்சர் முகமெல்லாம் சிரிப்பு. "தினமும் ஆறு மணிக்குத்தானே வருவீங்க? உங்களை மாதிரி ஒரு அக்கா கெடைக்க உங்க தங்கச்சி குடுத்து வெச்சிருக்கணும். இந்தக் காலத்துல யாருங்க இப்படித் தினமும் வந்து தலை வாரி விடுறா?"

பெரியவள் தங்கை வீட்டின் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்புறம், நேத்து படியில நின்னு சொன்னீங்களே, அதை நான் மறக்கல. 'என்னை மாதிரியே ஒருத்தி எப்பவாச்சும் வந்து நிப்பா டீச்சர். தங்கச்சி மேல அவளுக்குத் தாங்காத பொறாமை. உள்ள மட்டும் விட்டுடாதீங்க'ன்னு..."

பேச்சு பாதியில் நின்றது.

சிரிப்பு அப்படியே உதட்டில் ஒட்டியிருந்தது. கதவை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே, டீச்சருடைய கண் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி... பெரியவளுக்குக் கால் இருக்கிறதா என்று பார்த்தது.