மூன்றாம் கவுண்டரின் திரையைத் திருப்பியது பற்றி

பெயர்: பணிப் பதிவிலிருந்து கருவி தானே நிரப்பிக்கொண்டது, என்னிடம் கேட்கவில்லை. வயது: நாற்பத்தொன்று. முகவரி: சைக்கிள் கடைக்கு மேலே இரண்டாம் மாடி, பின்பக்க வீடு. தொழில்: அடையாள அட்டைப் பதிவு மையத்தில் மூன்றாம் கவுண்டர் பணியாளர், ஏழு வருடங்களாக.

நான் இந்தக் காவல் நிலையத்தில் யாருடைய தூண்டுதலும் இல்லாமல், உள்ளபடி சொன்னால் இன்னும் படபடப்பு அடங்காமல், சொல்வது என்னவென்றால், செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு மையத்தைத் திறந்தோம். விரல்ரேகைக் கருவி ஓடுகிறதா என்று பார்க்க முதல் விரலை நாங்களே வைப்பது எங்கள் வழக்கம். பச்சை டிக் விழும், அவ்வளவுதான். முந்தின நாள் புது சாஃப்ட்வேர் ஏற்றியிருந்தார்கள். அன்று டிக்குக்குப் பதிலாக என் விவரப் பக்கமே திறந்துகொண்டது. ஏழு வருடங்களில் நான் விரல் வைத்த இடமெல்லாம் தேதி, மணியோடு இருந்தது. அதில் மார்புக் கட்டிப் பரிசோதனைக்கு மூன்று முறை போனதும் இருந்தது. வீட்டில் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னது மட்டும் அதில் இல்லை. பக்கத்தில் ‘குடும்பத் தலைவருக்குத் தெரிவிக்கலாம்: ஆம்’ என்று இருந்தது. அந்த ‘ஆம்’ நான் சொன்னதல்ல. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அதன் பிறகு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர், “இது நமக்கு வேண்டாத வேலைம்மா, ஸ்க்ரீன் நம்ம பக்கமே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு ஒன்பது இருபதுக்கு முதல் ஆளாக வெல்டர் ஒருவர் வந்து விரலை வைத்து, “ரேகை வந்துடுச்சாம்மா?” என்று கேட்டார். ஏழு வருடங்களாக எல்லோருக்கும் ‘வந்துடுச்சு’ என்றே சொல்லி வந்தேன். அன்று அப்படிச் சொல்லவில்லை. திரை அசையாதபடி போட்டிருந்த விரல் நீளப் பிளாஸ்டிக் வாரைக் கத்தரித்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன். புகாரில் அரசு உடைமைக்குச் சேதம் என்று எழுதியிருப்பது அந்த வாரைத்தான். வெல்டர் படித்துவிட்டு, “என் பொண்டாட்டிக்குக்கூட இவ்ளோ தெரியாதே!” என்று போட்ட சத்தத்தில் வரிசையே கிட்டே வந்துவிட்டது.

அதன் பிறகு எல்லோரையும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். ஒருவர் பக்கத்தை இன்னொருவர் பார்க்க விடவில்லை. ஒரு மணி நேரத்தில் வரிசை வாசலைத் தாண்டித் தெருமுனை வரை போனது. சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள், ஒரு டீச்சர் இரண்டு முறை படித்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை. ரகசியத்தை வெளியிட்டேன் என்கிறார்கள். வெல்டருடைய ரகசியத்தை வெல்டருக்குச் சொன்னேன், வேறு யாருக்கும் சொல்லவில்லை.

அதன் பிறகு பத்தே முக்காலுக்கு வரிசையில் என் கணவர் வந்தார். அவர் பஸ் டிரைவர், பயணிகள் சொல்லிக் கேள்விப்பட்டு ஓடி வந்திருக்கிறார். அவருடைய பக்கத்தை அவருக்குக் காட்டினேன். அதன் பிறகு, “மெஷின் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேங்க” என்று என் விரலை வைத்து என் பக்கத்தையும் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, “மூணு தடவையும் தனியாவா போன?” என்று மட்டும் கேட்டார். ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மஞ்சள் கோட்டருகே போய், “இடிக்காதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க” என்று வரிசையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிட்டார்.

அதன் பிறகு பதினொன்று பத்துக்கு மேற்பார்வையாளர் மெயின் ஸ்விட்சை அணைத்தார். அதுவரை எண்பத்திரண்டு பேர் பார்த்திருந்தார்கள். அதன் பிறகு காவலர்கள் வந்து என்னை இங்கே அழைத்து வந்தார்கள்.

இந்த வாக்குமூலத்தை முடித்ததும் கையெழுத்துக்குப் பதிலாக இங்குள்ள கருவியில் விரல் வைக்கச் சொன்னார்கள். விரல் வைத்தால் நான் இங்கே வந்ததும்கூட என் பக்கத்தில் ஒரு வரியாக ஏறிவிடும் என்பதால் மறுத்துப் பேனா கேட்டேன். இதை எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பேனாவைத் தந்து, கதவைச் சாத்திவிட்டு, “என்னோடதையும் பார்க்க முடியுமாம்மா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியையும் எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். அதையும் எழுதினார்.

எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, விட்டதும் இல்லை, எல்லாம் நடந்தவை.

(ஒப்பம், பேனாவால்)